முழு வீடும் சேர்ந்திருந்து பார்க்க ஒரு படம்

கேள்வி, 18 யூலை 2025

பாடசாலை விடுமுறை வருகிறது. வீட்டில் எழுபது தாண்டிய மாமி, எட்டு வயது மகன், நாங்கள் இருவர். ஒருவரும் பதறிப்போய் ரிமோட்டைத் தேடாமல் இரண்டு மணித்தியாலம் இருந்து பார்க்கக்கூடிய படங்கள் தேவை. வெட்டுக்குத்து, குடி, இரட்டை அர்த்தப் பேச்சு ஒன்றும் வேண்டாம். சாமிப் படம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மாமியுடன் இருந்து எல்லாவற்றையும் இரண்டு சுற்றுப் பார்த்துவிட்டேன். மானிப்பாயிலிருந்து ஒரு வாசகி.

18 யூலை, இரவு

இதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. இந்தியத் தணிக்கையின் 'யு' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் போடுங்கள். அவசரத்துக்கு ஐந்து: காக்கா முட்டை (2015), பசங்க (2009), காதலிக்க நேரமில்லை (1964), தில்லானா மோகனாம்பாள் (1968), ஈரானியப் படமான சில்ட்ரன் ஆஃப் ஹெவன் (1997). கடைசிப் படத்துக்கு ஓர் எச்சரிக்கை. முடிவில் அந்தப் பிள்ளைகளுக்குச் சப்பாத்துக் கிடைக்காது. மகன் அழுவான். பிஸ்கட் பக்கெட் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள்.

19 யூலை

நேற்று எழுதியதைக் காலையில் படித்துவிட்டு என் மகள் கேட்டாள். பதின்மூன்று வயது, எங்கள் வீட்டின் உச்ச நீதிமன்றம். "அம்மா, தில்லானா மோகனாம்பாளில் வைத்தி என்ன வேலை செய்கிறவர்?"

பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடிவிட்டேன். சிறுவயதிலிருந்து பத்துத் தடவையாவது பார்த்த படம். நாகேஷ் திரையில் தலையைக் காட்டினாலே எங்களுக்குச் சிரிப்பு. அந்தச் சவடால் வைத்தி மோகனாவை ஒரு பணக்காரனிடம், அது சரிவராவிட்டால் இன்னொரு பணக்காரனிடம் ஒப்படைக்கத்தான் படம் முழுவதும் ஓடித்திரிகிறான் என்பதைப் பிள்ளைக்கு எந்தச் சொல்லில் சொல்வது? "தரகர்" என்றேன். "காணித் தரகரா?" என்றான் என் மகன், அவனுக்கும் எட்டு வயது. குசினிக்குள் நின்ற என் அம்மா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் ஊற்றுப்பட்டுவிட்டது.

இருந்தாலும் அந்தப் படத்தைப் பட்டியலிலிருந்து எடுக்கமாட்டேன். சிவாஜியின் கையில் இருக்கும் நாதஸ்வரத்துக்குள்ளிருந்து வருவது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. அதற்காகவே இன்னும் பத்துத் தடவை பார்க்கலாம். அம்மா பிறந்தது அளவெட்டியில், தவில் தட்சிணாமூர்த்தியின் ஊரில். பாலையா தவிலைத் தொடும்போதெல்லாம் "கை ஓரிடத்தில், சத்தம் ஓரிடத்தில்" என்று முணுமுணுப்பார். முணுமுணுத்துக்கொண்டே கடைசிவரை பார்ப்பார்.

20 யூலை

'யு' முத்திரையைப் பற்றிச் சொன்னதில் அரைவாசியைத் திரும்பப் பெறுகிறேன். முன்பு யு, யுஏ, ஏ என்று மூன்றுதான் நம் கண்ணில் படும். 2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யுஏவை 7+, 13+, 16+ என்று பிரித்துவிட்டார்கள். புதிய படங்களுக்கு அது உதவும். பழைய படங்களுக்கு உதவாது. அந்தக் காலத்து 'யு'வுக்குக் கணவன் மனைவியைக் கன்னத்தில் அறைவது குடும்பக் காட்சி. கறுத்த பெண்ணைப் பார்த்து நாலு பேர் முகத்தைச் சுளிப்பது நகைச்சுவைக் காட்சி. போன மாதம் ஒரு பழைய படத்தில் பருமனான பெண் ஒருத்தி கதிரையோடு விழுந்தாள். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். மகள் சிரிக்கவில்லை, எழுந்து அறைக்குள் போய்விட்டாள். அவளுக்கு இந்த வருடம் உடம்பு கொஞ்சம் வைத்திருக்கிறது. முத்தக் காட்சிக்காக ரிமோட்டைக் கையில் பிடித்தபடி காவலிருந்த எனக்கு இது அகப்படவே இல்லை.

26 யூலை

காக்கா முட்டையில் வரும் சென்னைப் பேச்சு பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று கொக்குவிலிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். கெடுக்கும். என் மகன் இரண்டு நாள் எல்லோரையும் அந்தப் பேச்சில்தான் அழைத்தான். மூன்றாம் நாள் வகுப்பு ஆசிரியை கொப்பியில் குறிப்பு எழுதி அனுப்பியதும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிட்டான்.

அதற்காகப் படத்தை விடாதீர்கள். காக்கை முட்டை குடிக்கும் இரண்டு பொடியன்கள் ஒரு பீட்சாவுக்காக நடையாய் நடப்பதுதான் கதை. கடைசியில் வாயில் வைத்துப் பார்த்தால் ஆயா சுட்ட தோசையே திறம் என்று படுகிறது. இதைப் பார்த்துவிட்டு என் அம்மா தோசைக்கல்லில் தக்காளி, வெங்காயம், மாடு படம் போட்ட சீஸ் எல்லாம் போட்டு ஒரு பீட்சா சுட்டார். மகன் ஒரு துண்டு தின்றுவிட்டு, "அம்மம்மா, தோசை இல்லையா?" என்றான். படத்தை விளங்கிக்கொண்ட ஒரே ஆள் அவன்தான்.

2 ஓகஸ்ட்

"அந்தக் காலத்தில் இந்தப் பிரச்சினை இல்லை, எல்லோரும் ஒன்றாக இருந்து நல்ல படம் பார்த்தோம்" என்று ஒரு பெரியவர் எழுதியிருப்பதைப் பார்த்தேன். எந்தக் காலம், அண்ணா? நானும் அந்தக் காலத்தில்தான் இருந்தேன்.

1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஊரில் ஒரு கலியாணமோ சாமத்திய வீடோ முடிந்தால், மிஞ்சிய பந்தலுக்குள் படம் போடுவார்கள். ஜெனரேற்றர் ஓரிடத்தில் வாடகை, தொலைக்காட்சியும் டெக்கும் இன்னோரிடத்தில். மண்ணெண்ணெய்க்கு வீட்டுக்கு வீடு காசு சேர்ப்போம். ஜெனரேற்றரைக் கிளப்ப மட்டும் நாலு சொட்டுப் பெட்ரோல், பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். அந்தப் புகைக்குள் ஒழுங்கை முழுவதும் பாய் விரித்து இருந்து ஒரே இரவில் மூன்று படம். எங்களுக்கு வந்த கசெட்டுகளில் பாட்டுகள் அரைவாசியில் முறிந்திருக்கும். கதாநாயகி மழையில் நனையத் தொடங்குவாள், அடுத்த கணம் காய்ந்த சேலையோடு கோயிலில் நிற்பாள். அதையும் மீறி ஏதாவது வந்துவிட்டால் எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். துவாயை விரித்துப் பிடித்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் போய் நிற்பார். பாட்டு முடிந்தது என்று பின்னுக்கிருப்பவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் விலகுவார். சில நாட்களில் இளம் பொடியன்கள் வேண்டுமென்றே பிந்திச் சொல்வார்கள். அவரும் சண்டைக் காட்சி முழுவதும் துவாயோடு நிற்பார்.

அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி, திரையைப் பார்த்தபடி நின்றார் என்பது எனக்கு உறைத்தது பல வருடங்களுக்குப் பிறகு.

நல்ல படம் பார்த்தோமா? பாதி இரவில் வானத்தில் இரைச்சல் கேட்டால் ஜெனரேற்றரை நிறுத்திவிட்டுப் பங்கருக்குள் ஓடுவோம். திரும்பி வந்தால் மண்ணெண்ணெய் போதாது. 1992இல் பார்த்த ஒரு படத்துக்கு இன்றுவரை எனக்கு முடிவு தெரியாது. தேடிப் பார்க்கவும் விருப்பமில்லை.

3 ஓகஸ்ட்

நேற்று எழுதியது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று இருவர் சுட்டியிருக்கிறார்கள். ஆம்.

10 ஓகஸ்ட்

நல்லூர்த் திருவிழா நடக்கிறது, வீட்டில் மச்சம் இல்லை. படமும் சைவமாக இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். திருவிளையாடல் (1965) போட்டோம். மானிப்பாய் வாசகி மன்னிக்க வேண்டும். தருமி மண்டபத்தில் தனியாகப் புலம்பும் காட்சியை என் மகன் மனப்பாடம் செய்துவிட்டான். இந்த நாகேஷைப் பற்றி எந்தப் பிள்ளையும் சங்கடமான கேள்வி கேட்காது.

17 ஓகஸ்ட்

மெய்யழகனை (2024) ஏன் விட்டீர்கள் என்று கேட்டவருக்கு: விடவில்லை, குடி வேண்டாம் என்று கேள்வியிலேயே இருக்கிறது. படத்தில் நாயகர்கள் இருவரும் இரவில் குடித்துக்கொண்டுதான் கதைக்கிறார்கள். வெளியான பிறகு 18 நிமிடம் அளவில் வெட்டியும் அது நீளமான படம்தான்.

ஆனால் விதியை எழுதியவர் நானில்லை என்பதால் நேற்று இரவு போட்டோம். அடிதடி இல்லை, வில்லன் இல்லை. 1996இல் சொத்துத் தகராற்றில் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன ஒருவன் ஒரு கலியாணத்துக்காகத் திரும்பி வருகிறான். அங்கே வரும் உறவுக்காரன் ஒருவனின் பெயர்கூட அவனுக்கு நினைவில்லை, அந்த உறவுக்காரனோ அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறான். விட்டுப் போன பழைய சைக்கிள் ஒன்று இன்னொரு குடும்பத்துக்கு என்ன செய்தது என்று தெரிய வரும் இடத்தில் என் கணவர் எழுந்து வெளி விறாந்தைக்குப் போனார். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அவர்களும் ஒரு சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு நடந்தவர்கள். ஒரு ரலி. அதைப் பற்றிப் பதினைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் நேற்றுத்தான் கதைத்தார். யார் எடுத்திருப்பார்கள், எடுத்தவர்கள் அதில் எங்கெங்கே போயிருப்பார்கள் என்று பன்னிரண்டு மணிவரை கதை.

குடிக்கிற காட்சியைப் பற்றிப் பிள்ளைகள் ஒரு சொல்லும் கேட்கவில்லை. குடி வேண்டாம் என்ற விதியை நான் கைவிடுகிறேன். மானிப்பாய் மாமிக்கு அது பொருந்தாவிட்டால் அவருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

24 ஓகஸ்ட்

டூரிஸ்ட் ஃபேமிலி (2025). இந்த இழையில் ஆறு பேர் பரிந்துரைத்துவிட்டீர்கள், நானும் ஏழாவதாகச் சேர இருந்தேன். பொருளாதார நெருக்கடியில் இலங்கையை விட்டு ஒரு தமிழ்க் குடும்பம் படகில் இராமேஸ்வரம் போய், சென்னையில் கேரளத்துக்காரர்போல் ஒளிந்து வாழப் பார்க்கிறது. சிரிப்பும் அழுகையும் அளவாக இருக்கும். இயக்குநருக்கு முதற் படம். முழுக் குடும்பத்துக்கும் ஏற்றது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. முதல் தடவை பார்த்தபோது எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் மொழிப் பரிசோதனைதான். சிம்ரனுக்கு எங்கள் தமிழ் ஓரளவு வந்துவிட்டது, சசிகுமாரைவிட்டு மதுரை போகவில்லை என்று அம்மா புள்ளி போட்டார்.

நேற்றுச் சித்தி வந்திருந்தார். அம்மாவின் கடைசித் தங்கை. நல்ல படம் இருக்கிறது, சிரிக்கலாம் என்று நானே வற்புறுத்தி இருத்தினேன்.

படகிலிருந்து இறங்கி அந்தக் குடும்பம் கரையில் நிற்கிறது. பகிடியான காட்சி. பிள்ளைகள் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். சித்தி கதிரையின் கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தவர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் கிணற்றடியில் இருக்கிறார்.

1990இல் மன்னாரிலிருந்து படகேறியவர் அவர், கையில் எட்டு மாதப் பிள்ளை. இந்தியா வந்துவிட்டது, இறங்குங்கள் என்று படகோட்டி இறக்கிவிட்டுப் போய்விட்டான். விடிந்த பிறகுதான் தெரிந்தது, அது மணல்திட்டு. நாலு பக்கமும் கடல். பின்னேரம் மீன்பிடிக்க வந்தவர்கள் கண்டு ஏற்றிக்கொண்டு போகும்வரை பிள்ளைக்குச் சேலையால் நிழல் பிடித்துக்கொண்டு நின்றாராம். பிறகு மண்டபம் முகாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் "சிரிக்கலாம், வாருங்கள்" என்று கூப்பிட்டேன்.

"படத்தில் பிழையில்லைப் பிள்ளை" என்றார் சித்தி. "அவர்களுக்குப் பகிடி விட ஆள் இருந்தது. எங்களுடன் வந்தவர்கள் ஒருவரும் கதைக்கவில்லை."

25 ஓகஸ்ட்

படத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துச் சிலர் கோபப்பட்டிருக்கிறார்கள். படத்தில் பிழையில்லை என்று சித்தியே சொல்லிவிட்டார், மேலே படியுங்கள். பார்க்கச் சொல்லுங்கள். இருக்கையில் யார் இருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள், அவ்வளவுதான்.

அம்மாவும் இப்படித்தான். காதல் காட்சிக்கெல்லாம் கண்ணை மூடுவதில்லை, பாக்கு வெட்டிக்கொண்டே பார்ப்பார். ஒருநாள் ஒரு சாதாரணப் படத்தில் கதாநாயகன் வெளிநாட்டுப் பாட்டொன்றுக்காக ஹெலிகொப்டரில் வந்து இறங்கினான். அம்மா எழுந்துபோய்ச் சுவரோடு ஒட்டி நின்றார். நின்ற பிறகுதான் ஏன் நிற்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது. அதற்கு எந்த நாட்டுத் தணிக்கை முத்திரை போடும்? ஹெலிகொப்டர் வரும் படங்களின் பட்டியல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள். பகிடிக்குக் கேட்கவில்லை.

13 செப்டெம்பர்

மூன்று வாரம் எழுதவில்லை, பிள்ளைகளுக்குக் காய்ச்சல். படுக்கையில் கிடந்த இரண்டு பேருக்கும் மை நெய்பர் டோட்டோரோ போட்டேன். ஜப்பானியப் படம், 1988, மியாசாக்கி எழுதி இயக்கியது. தாய் மருத்துவமனையில், இரண்டு பெண்பிள்ளைகள் புதிய ஊரில், காட்டுக்குள் மிகப் பெரிய மொத்தமான உயிர் ஒன்று. ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருவரும் ஒருவருக்கும் கெடுதல் செய்வதில்லை. அரைவாசியில் நான் நித்திரையாகிவிட்டேன். மகன் மூன்று தடவை பார்த்துவிட்டு, வீட்டுப் பின்வளவு வேம்புக்குள் அது இருப்பதாகச் சொல்கிறான்.

14 செப்டெம்பர்

குரங்கு பெடல் (2024) பார்த்தீர்களா என்று கேட்டவருக்கு ஒரு கதை. பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை வேலையெல்லாம் முடித்து, பருத்தித்துறை வடையும் எடுத்து வைத்து, குரங்கு பெடல் பார்க்க எல்லோரும் இருக்கிறோம். மின்சாரம் போய்விட்டது. நாடு முழுவதும் போய்விட்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாம். என் மகன் இன்றுவரை அது படத்தில் நடித்த குரங்கு என்று நம்புகிறான்.

பிறகு பார்த்தோம். படத்தில் குரங்கே இல்லை என்பதில் அவனுக்கு ஏமாற்றம். 1980களின் கோடை விடுமுறையில் ஒரு பொடியன் வாடகைச் சைக்கிள் எடுத்து, பாருக்குக் கீழே காலை விட்டு ஓடப் பழகுகிறான். அவனுடைய தகப்பனுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. ராசி அழகப்பனின் சிறுகதையிலிருந்து எடுத்தது. மெதுவான படம். ஆனால் பார் சைக்கிளில் இடுப்பை வளைத்து ஓடிய ஆட்கள் வீட்டில் இருந்தால், படத்தைவிட அவர்கள் சொல்லும் கதை நீளும். என் கணவர் ரலியை மறுபடியும் எடுத்துவிட்டார். அம்மாவும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட கதையைத் தொடங்கினார்.

எனக்கு ஏதோ சைக்கிள் வருத்தம் பிடித்திருக்கிறது என்று மகள் சொல்கிறாள். பரிந்துரைக்கிற படம் எல்லாவற்றிலும் ஒன்று நிற்கிறதாம்.

20 செப்டெம்பர்

பொன்மணியை (1977) குடும்பத்தோடு பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தர்மசேன பத்திராஜ இயக்கியது, எங்கள் ஊர்க் கதை. பெரியவர்கள் கட்டாயம் பாருங்கள். சாதியும் சீதனமும் பற்றி எட்டு வயதுப் பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர்கள் மட்டும் பிள்ளையையும் இருத்தலாம். என்னிடம் இல்லை.

4 ஒக்டோபர்

முதல் நாளில் எழுதிய ஒன்றைத் திருத்த வேண்டும். பெரிய பிழை.

சில்ட்ரன் ஆஃப் ஹெவன் நேற்று இரவு மறுபடியும் போட்டோம். தைத்து வாங்கிய தங்கையின் சப்பாத்தை அண்ணன் மரக்கறிக் கடையில் தொலைத்துவிடுகிறான். வீட்டில் சொன்னால் வாங்கக் காசில்லை. இருக்கிற ஒரு சோடியைக் காலையில் தங்கை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய், ஓடி வந்து கழற்றிக் கொடுக்க, மத்தியானம் அண்ணன் போட்டுக்கொண்டு ஓடுகிறான். ஓட்டப் போட்டியில் மூன்றாம் பரிசு ஒரு சோடிச் சப்பாத்து. அவன் மூன்றாவதாக வரத்தான் ஓடுகிறான், முதலாவதாக வந்துவிடுகிறான். வென்றுவிட்டு அழுகிறான்.

படம் பாரசீக மொழி, கீழே ஓடும் எழுத்து ஆங்கிலம். அம்மாவுக்காக மகள் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். இடையிடையே தன் சொந்த வசனமும் சேர்த்தாள். தகப்பன் தேத்தண்ணீர் கேட்கும் இடத்தில் "சீனி குறைவாகப் போடுங்கள், டொக்டர் சொன்னவர்" என்று ஈரானியத் தகப்பனே சொன்னதாகச் சொல்லி, அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

முடிவு வந்தது. பொடியன் புண்பட்ட காலைத் தொட்டித் தண்ணீருக்குள் விடுகிறான், மீன்கள் காலைச் சுற்றி வருகின்றன. மகன் பிஸ்கட்டை விட்டுவிட்டு மூக்கை உறிஞ்சத் தொடங்கினான். இதைத்தான் நான் எச்சரித்திருந்தேன்.

"ஏனடா அழுகிறாய்?" என்றார் அம்மா. "தகப்பன்தான் வாங்கிவிட்டானே."

இல்லை அம்மா, அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்றேன் நான். இந்தப் படத்தை நான் நாலு தடவை பார்த்தவள்.

"சைக்கிளில் கட்டியிருந்தது பிறகு என்ன?"

மகள் ரிமோட்டை எடுத்துப் பின்னுக்கு விட்டாள். ஒரு சில விநாடிதான். தகப்பனின் சைக்கிள் தெருவில் நிற்கிறது. சாமான்களோடு இரண்டு சோடிப் புதுச் சப்பாத்து. அந்த இடத்தில் எழுத்து எதுவும் ஓடவில்லை. எழுத்து இல்லாத இடம் என்று நான் நாலு தடவையும் பிஸ்கட் பக்கெட்டுக்குள் கையை விட்டிருக்கிறேன்போலும்.

"ஆளுக்கு ஒரு சோடியா?" என்று கேட்டான் மகன்.

"ஒன்று சின்னது, ஒன்று பெரியது" என்றார் அம்மா. "திரும்பப் போடு, வடிவாகப் பார்ப்போம்."